பின்கதவு ஜோடி கிடைக்குமா?

பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜா ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூஜா பத்திரமாக இருக்கிறது. திருகு மூடியைத்தான் காணோம். கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள். கடைக்காரர் புதுக் கூஜாவை எடுத்துக் காட்டுகிறார். "மூடி மட்டும் கிடைக்குமா?" என்றால் உங்களை ஒரு தினுசாகப் பார்க்கிறார். இப்படி ஒரு மூடிக்காக அலைந்த சகோதரிகளுக்கு இந்த வாரச் சங்கதி சுலபமாகப் புரிந்துவிடும். அலையாதவர்கள் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மூடியைத் தொலைத்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

இங்கிலாந்தில் சில ஆசாமிகள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது கூஜா மூடி அல்ல. பழைய மாரிஸ் மைனர் டெலிவரி வேனுக்கு வேண்டிய சாமான்கள். வேனுக்கும் குடும்பப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அந்த நாட்டில் ரொட்டியும் கடிதமும் சலவைத் துணியும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது இந்த வேனில்தான். மோட்டார் வண்டிகளிலேயே வீட்டுப் பெண்களோடு அதிகம் பழகிய வண்டி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மாரிஸ் மைனர் காரை நம் ஊர்ப் பெரியவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் ஆமை ஓடு மாதிரி உருண்டையாக நிற்குமே, அதுதான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி இதையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் நம் நாட்டில் விற்றது. அலெக் இஸிகோனிஸ் என்ற என்ஜினீயர் திட்டமிட்ட இந்தக் கார் 1948-ல் வெளிவந்தது. 1971 வரை 16 லட்சம் வண்டிகள் செய்தார்கள். இங்கிலாந்தில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார் என்ற பெருமையும் இதற்குத்தான். பத்து லட்சமாவது கார் 1960 டிசம்பரில் தயாரானபோது, அதைக் கொண்டாட ஒரு தொகுதிக் கார்களுக்குக் கத்தரிப்பூ நிறம் பூசினார்கள். காருக்குப் போய் அந்த நிறமா என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வேன் பிறந்தது 1953-ல். வேனும் அதன் தம்பியான திறந்த பிக்கப் வண்டியும் சேர்ந்து 3 லட்சத்துக்கும் மேல். முன்பக்கம் அதே ஆமை முகம். டிரைவருக்குப் பின்னால் அலமாரி மாதிரி ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் இரட்டைக் கதவு. தபால் இலாகா இதைச் சிவப்பு நிறத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கியது. ஆரம்ப வருஷங்களில் வாங்கிய தபால் வேன்களுக்கு முன் மட்கார்டு தகட்டில் அல்ல, ரப்பரில்! சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும் வண்டி எங்காவது இடித்துக்கொண்டால் நசுங்காமல் வளைந்து கொடுக்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள். ரப்பருக்குள் விளக்கைப் பதிக்க முடியாதல்லவா? அதனால் முன்விளக்குகள் இரண்டும் மட்கார்டின் தலையில் தவளைக் கண் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இதில் குடும்பக் கதை ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கார் வாங்கினால் 'வாங்கல் வரி' என்று ஒன்று கட்ட வேண்டும். 1950களின் பிற்பகுதியில் ஒரு சமயம் அது 60 சதவீதம் வரை போயிற்று. சரக்கு வேனுக்கோ அந்த வரி கிடையாது. கெட்டிக்காரக் குடும்பங்கள் என்ன செய்திருக்கும்? வேனையே வாங்கின. அப்பாவும் அம்மாவும் முன்னால். குழந்தைகள் பின்னால், மெத்தை திண்டுகளின் மேல். ஜன்னல் இல்லாத இருட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடற்கரைக்குப் போய் வந்தார்கள். பக்கத்தில் ஜன்னல் வெட்டினால் சர்க்கார் அதைக் கார் என்று சொல்லி வரியைக் கேட்கும். வண்டி பழசான பிறகு, வருவது வரட்டும் என்று தகட்டை வெட்டிக் கண்ணாடி பொருத்தியவர்கள் பலர். 1973-ல் அந்த வரியே ஒழிந்தது. வெட்டிய தகடு திரும்பி வரவில்லை. வெட்டுப்படாத பக்கத் தகடு இன்றைக்கு மவுசு பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மொத்தம் 16 லட்சம், அதில் வேனும் பிக்கப்பும் 3 லட்சம். அப்படியானால் நான்கு கார் மிஞ்சுகிற இடத்தில் இந்த வகையில் ஒன்றாவது மிஞ்ச வேண்டாமா? கணக்கு அப்படி ஓடவில்லை. காரை வைத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் கழுவித் துடைத்தார். மழை வந்தால் கொட்டகைக்குள் தள்ளினார். வயதான பிறகு அதை விற்க மனமில்லாமல் மகளுக்குக் கொடுத்தார். வேனை யார் கழுவினார்கள்? விடியற்காலையில் மாவு மூட்டை, மத்தியானம் பெயிண்ட் டப்பா, சாயங்காலம் ஏணி. குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புத் தூவுகிற நாடு அது. அந்த உப்புத் தண்ணீர் முழுவதையும் வேன் அடிவயிற்றில் வாங்கிக்கொண்டது. பத்து வருஷம் ஓடி, துரு தின்று, அடிச் சட்டம் ஓட்டையானதும் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. வீட்டில் பட்டுப்புடவை ஐம்பது வருஷம் இருக்கிறது. தினம் கட்டிய நூல் புடவை ஒன்றாவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

ஆகவே இன்றைக்கு ஒரு வேனைப் புதுப்பிக்க இறங்குகிறவருக்கு விசித்திரமான அனுபவம் ஏற்படுகிறது. கஷ்டம் என்று நினைத்ததெல்லாம் சுலபமாகக் கிடைக்கிறது. சுலபம் என்று நினைத்தது கண்ணில் படுவதே இல்லை.

இஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் உயிரே அதுதான், அது கிடைப்பதுதான் கஷ்டம் என்று தோன்றும். ஆனால் மைனருக்குள் இருக்கும் 'ஏ-சீரிஸ்' இஞ்சினின் சந்ததிதான் மினி காரிலும் ஓடியது. மினியின் உற்பத்தி 2000-ல் தான் நின்றது. அதனால் பிஸ்டன், கேஸ்கட், வால்வு என்று எதைக் கேட்டாலும் கிடைக்கிறது. பானெட், முகப்புத் தகடுகள், ஸ்டீரிங், முன்சக்கர அமைப்பு இவையெல்லாம் காருக்கும் வேனுக்கும் பெரும்பாலும் பொது. காரை வைத்திருப்பவர்கள் ஏராளமாக இருப்பதால் வியாபாரிகள் புதிதாகச் செய்து அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் முதுகுக்குப் பின்னால் போனால்தான் வனவாசம். காருக்கு உடம்பே சட்டம். கூடும் அடித்தளமும் ஒன்றாக வார்த்தது மாதிரி இருக்கும். வேன் அப்படியல்ல. பாரம் சுமப்பதற்காக அதற்குத் தனியாக ஒரு சாஸி கொடுத்து, அதன் மேல் கூண்டையும் பெட்டியையும் உட்கார வைத்தார்கள். பின் ஸ்பிரிங் பட்டைகளும் காரில் உள்ளவற்றைவிடக் கனம். சாஸி, பெட்டியின் பக்கத் தகடு, கூரை, பின்கதவு, கதவின் கீல், தாழ்ப்பாள், கதவைச் சுற்றி வரும் ரப்பர் என்று வேனுக்கு மட்டுமே சொந்தமான சாமான்களின் பட்டியல் அப்படி ஒன்றும் நீளமில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு கீலுக்காக ஒரு வருஷம் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. இஞ்சின் கெட்டுப்போன, ஆனால் கீல் முதல் தாழ்ப்பாள் வரை முழுசாக உள்ள வேனையும், இஞ்சின் அருமையாக ஓடுகிற, பின்கதவு இல்லாத வேனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், விஷயம் தெரிந்தவர் முதல் வண்டியைத்தான் வாங்குவார். பெயிண்டின் பளபளப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இந்தச் சாமான்களை எங்கே தேடுகிறார்கள்? சென்னைவாசிகளானால் "புதுப்பேட்டைக்குப் போ" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அதற்கு முந்திய தலைமுறையாயிருந்தால், 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைத்துப் பெருமூச்சு விடும். இங்கிலாந்தில் ப்யூலி என்ற கிராமத்தில் தேசிய மோட்டார் மியூசியம் இருக்கிறது. அங்கே 1967 முதல் பழைய மோட்டார் சாமான் சந்தை ஒன்று நடத்துகிறார்கள். செப்டம்பர் மாதத்தில் கூடும். பரந்த புல்வெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். விளக்கு, ஹாரன், துருப்பிடித்த சக்கரம், பெயர் தெரியாத குழாய், பிடி இல்லாத ஸ்பானர். நம் புதுப்பேட்டையே மூட்டை கட்டிக்கொண்டு பிக்னிக் போனாற்போல் இருக்கும். இந்தச் சந்தைக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. உடைந்த பழைய பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரவிக்கைத் துணிக்கு மாட்சிங் பார்க்கப் புடவையை எடுத்துக்கொண்டு போகிறோமே, அதே நியாயம். "நம்முடையதுபோலத்தான் இருந்தது" என்று ஞாபகத்தை நம்பி வாங்கிய தாழ்ப்பாள், வீட்டுக்கு வந்ததும் அரை அங்குலம் குறைவாக இருக்கும்.

சந்தையைவிடப் பெரிய துணை சங்கம்தான். மாரிஸ் மைனர் சொந்தக்காரர்களுக்கு அங்கே பெரிய சங்கம் உண்டு. "என் மாமனாரின் கொட்டகையில் ஒரு கதவு கிடக்கிறது" என்ற தகவல் வருவதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான். கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியமோ, பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தி சாஸி நம்பரைக் கொடுத்தால், பதிவேடு இருக்கிற வண்டிகளுக்கு, அது எந்தத் தேதியில் பிறந்தது, முதலில் என்ன நிறம் என்று ஜாதகம் மாதிரி எழுதிக் கொடுக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'புதுசாக இருக்கிற பழசு' என்று ஒரு வகைச் சாமான் உண்டு. அறுபது வருஷத்துக்கு முன் செய்து, விற்காமல், பெட்டி பிரிக்காமல் கிடங்கில் கிடந்தவை. பெட்டி மேல் கம்பெனி முத்திரை அப்படியே இருக்கும். பார்த்தால் ஆசை வரும். அது உலோகமாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பராயிருந்தால் வேண்டவே வேண்டாம். ரப்பருக்கு உழைத்தாலும் வயதாகும், உழைக்காமல் கிடந்தாலும் வயதாகும். பிரேக்கில் இருக்கும் ரப்பர் வாஷர் நாற்பது வருஷம் பெட்டிக்குள் தூங்கியதாயிருந்தால், முதல் இறக்கத்திலேயே கைவிட்டுவிடும். இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அதேபோல் பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குப் பெரும் விரோதி. இங்கிலாந்தில் 1999-ல் அதை அடியோடு தடை செய்தார்கள். கொட்டகையில் பழைய பிரேக்கைக் கழற்றி ஊதித் துடைக்கும் வேலையே ஆகாது. பக்கத்தில் குழந்தைகள் நிற்கவும் கூடாது.

தகடு கிடைக்காதவர்களுக்கு உதவி வந்த திசையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இலங்கை! பாத் நகரில் சார்லஸ் வேர் என்பவர் 1970களில் மாரிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். புதுக் கார் வாங்கி வருஷா வருஷம் அதன் விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பழைய காரையே விடாமல் பழுது பார்த்து வைத்துக்கொள்வது லாபம் என்பது அவருடைய கட்சி. (இதை நம் பாட்டிமார்கள் ஈயம் பூசுகிறவரிடம் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள்.) தகடுகளைக் கைவேலையாகச் செய்ய இங்கிலாந்தில் கூலி கட்டுப்படியாகாது. அவருடைய முயற்சியில் 1990களில் மைனருக்கு வேண்டிய உடல் தகடுகளை இலங்கையில் ஒரு தொழிலகத்தில் செய்து கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் காரைக் கொண்டுவந்து விற்ற தீவு, அந்தக் காரின் அங்கங்களை அவர்களுக்கே திருப்பி விற்றது.

இலங்கையில் அந்தக் கைத்திறமை ஏன் இருந்தது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மாரிஸ் மைனரும் ஆஸ்டினும் அங்கே குடும்பத்தில் ஒருவராகவே வாழ்ந்த வண்டிகள். யாழ்ப்பாணத்தைக் கேளுங்கள். 1990களில் யுத்தத்தின் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் வடக்கே போவது நின்றபோது, அங்கத்திய மெக்கானிக்குகள் இந்தப் பழைய கார்களைக் கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியை ஏற்றிப் போனதும் கல்யாணப் பெண்ணை ஏற்றிப் போனதும் அப்படி ஓடிய வண்டிகள்தாம். ஸ்பேர் பார்ட் வேண்டுமானால் கொழும்புக்கு எழுதிக் காத்திருக்க முடியாத நிலை. பட்டறையில் தாங்களே கடைந்து போட்டுக்கொண்டார்கள். ப்யூலி சந்தையில் புல்வெளியில் உலாவி சாமான் பொறுக்குகிறவருக்கு இது பொழுதுபோக்கு. அவர்களுக்கு வேறு வழியில்லை.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் சங்கடமாகப் படும் கட்டத்துக்கு வருகிறேன். சாமான் எங்கும் கிடைக்காவிட்டால் கடைசி வழி ஒன்று உண்டு: இன்னொரு வேனை வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிவிடுவது. ஒன்றைக் கொன்று ஒன்றைப் பிழைக்க வைப்பது. பிக்கப் வண்டிக்கும் இதே சாஸிதான் என்பதால் அதற்கும் இந்த ஆபத்து உண்டு. கழற்றப்படும் வண்டி உண்மையிலேயே செத்த வண்டியாயிருந்தால் பாதகமில்லை. சாஸி பொடிப்பொடியாக உதிர்ந்து, நல்லதாக நான்கு சாமான் மட்டும் மிஞ்சியிருந்தால், அவை இன்னொரு வண்டியில் போய்ச் சேர்வது நியாயம்தான். ஆனால் இரண்டு வருஷம் பொறுமையாகத் தேடினால் பிழைக்கக்கூடிய வேனை, ஒரு மாத அவசரத்துக்காகக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மொத்தமே குறைவாக மிஞ்சிய வண்டிகளில் அப்படி ஒன்று குறைந்தால், நாளைக்குக் கீல் தேடுகிறவருக்கு அந்தக் கீலும் இல்லை, அந்த வேனும் இல்லை.

இதைவிட மோசமான காரியம், செத்த வண்டியின் நம்பர் தகட்டை மட்டும் பிடுங்கி வேறொன்றில் அடித்து, அதையே அசல் என்று விற்பது. பாதித் தகடு புதிதாயிருந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. வீட்டில் சுவரை இடித்துக் கட்டினால் வீடு மாறிவிடுகிறதா? பெயர் ஒன்று, உடம்பு வேறு என்றால் அது ஆள்மாறாட்டம். தகட்டில் உள்ள நம்பரும் சொந்தக்காரர் காட்டும் காகிதமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது.

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் போல்ட் நட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்தாது. அங்குலக் கணக்கு ஸ்பானர் வேண்டும். மின்சார இணைப்பும் தலைகீழ்: நாம் இன்று பார்க்கும் கார்களில் பாட்டரியின் நெகடிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும்; மைனரில் பாசிடிவ் முனை. முன்சக்கரத்தைத் தாங்கும் 'டிரன்னியன்' என்ற பாகத்துக்கு ஒழுங்காக கிரீஸ் வைக்காவிட்டால் தேய்ந்து, சக்கரம் ஒரு நாள் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டோடு பொதுப் புழக்கத்திலிருந்து போய்விட்டதால், இஞ்சினைப் பிரிக்கும்போதே வால்வு உட்காரும் இடத்துக்குக் கடினமான வளையம் போட்டுக்கொள்கிறார்கள். 2021-ல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்நாட்டில் 40 வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் வருஷாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் புத்தியுள்ளவர்கள் தாங்களாகவே கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

வண்டியைக் கழற்றும்போது நம் அஞ்சறைப் பெட்டி வித்தைதான் கை கொடுக்கும். ஒவ்வொரு இடத்துத் திருகும் ஒவ்வொரு டப்பாவில். டப்பா மேல் சீட்டு. கழற்றுமுன் ஒரு போட்டோ. இதைப் புருஷர்களிடம் ஒப்படைத்தால் எல்லாத் திருகும் ஒரே பக்கெட்டில் போய்ச் சேரும். பிறகு காணாமல் போனது எது, முதலிலிருந்தே இல்லாதது எது என்று கண்டுபிடிக்க பிரம்மாவே வர வேண்டும்.

பெயிண்டைச் சுரண்டுவதிலும் அவசரம் கூடாது. மேல் பூச்சை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால், சில வேன்களில் அடியிலிருந்து எழுத்துத் தெரியும். என்றைக்கோ மூடிப்போன கடையின் பெயர், தெரு, மூன்று இலக்க டெலிபோன் நம்பர் கூட இருக்கலாம். அந்தக் கடையில் ரொட்டி வாங்கித் தின்றவர்கள் அதே ஊரில் இன்னும் இருக்கக்கூடும். அப்படி எழுத்துக் கிடைத்தால், தேய்ப்பதை அங்கேயே நிறுத்தி, காகிதம் வைத்து அளவெடுத்துக்கொண்டு, பிறகே மேலே வேலை செய்ய வேண்டும். தகட்டை இலங்கையிலிருந்து வரவழைக்கலாம், இஞ்சினை மினியிலிருந்து எடுக்கலாம். இந்த எழுத்தை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

பின்கதவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தலைப்புக்கு நியாயமாகாது. கதவு இரண்டும் ஜோடியாக, கீலோடும் தாழ்ப்பாளோடும், ஒரே வண்டியிலிருந்து எடுத்ததாகக் கிடைத்தால் அதிகம் பேரம் பேச வேண்டாம்; அடுத்தவர் பின்னால் நிற்கிறார். ஒற்றைக் கதவு என்றால் இடதா வலதா என்று முதலில் கேளுங்கள். விற்பவர் "எது வேண்டுமானாலும் பொருந்தும்" என்று சொன்னால், பையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.